மிக்கிக்கு அஞ்சு விரல்

நேத்து பாப்பாவுக்கு ஆறு வயசு முடிஞ்சுது. மிக்கி மவுஸ் கேக்குதான் வேணும்னு ஒரு மாசமா ஒரே அழிச்சாட்டியம். சரின்னு ஒன்றரை கிலோ சொல்லி வெச்சு, அவரு வண்டி ஓட்ட நான் டப்பாவை மடில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முருகா முருகான்னு வீடு வரைக்கும் வந்து தொறந்து காட்டினா, குனிஞ்சு பார்த்துட்டு "அம்மா, இது டூப்ளிகேட்டு"ன்னுட்டா.

அஞ்சு விரல். ரெண்டு கையிலயும்.

தப்பு என் மேலதான். கார்ட்டூன் ஓடுறப்ப டிவிய நிறுத்தி நிறுத்தி வியாக்கியானம் சொல்ற வியாதி எனக்கு. யோகி கரடி சட்டையே இல்லாம காலரும் டையும் மட்டும் கட்டிக்கிட்டு ஏன் திரியுதுன்னு அவ கேட்டப்பவே "தெரியல கண்ணு"ன்னு விட்டிருக்கணும். நான் விடுவனா? 1958ல டிவிக்காரங்க குடுக்குற காசு பத்தாம ஹன்னா பார்பெரா கம்பெனில உடம்ப ஒருவாட்டி வரைஞ்சு அப்படியே வெச்சுக்கிட்டு தலைய மட்டும் மாத்தி மாத்தி வரைவாங்க, தலையும் உடம்பும் சேர்ற எடம் தெரியக்கூடாதுல்ல, அதுக்குத்தான் காலர், கிழிஞ்ச பாவாடைல ஒட்டுப் போட்டு மேல லேஸ் வெச்சு தைக்கிறோம்ல அது மாதிரின்னு அர மணி நேரம். அன்னைலருந்து அவளும் எதப் பார்த்தாலும் நோண்ட ஆரம்பிச்சுட்டா. டொனால்டு டக்கு நாளெல்லாம் டவுசர் இல்லாம சுத்திட்டு குளிச்சுட்டு வர்றப்ப மட்டும் எதுக்கு துண்டு கட்டுதுன்னு கேக்குறா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

பேக்கரிக்குப் போன் போட்டேன். "அக்கா, கைன்னா அஞ்சு வெரலுதானுங்க்கா. அதுக்குன்னு எச்சா காசு போடலீங்க்கா"ன்னான் அந்தப் பையன். என்ன சொல்ல?

"திங்கப் போறதுதான, விடு"ன்னாரு இவரு. பாப்பா கத்தியத் தொட மாட்டேங்குறா. பக்கத்து வீட்டு வாண்டுங்க எல்லாம் தொப்பி மாட்டிக்கிட்டு காத்துக்கிட்டு நிக்குது.

அப்பா ஈசி சேர்ல இருந்தபடியே, "ஏஞ்சாமி, எலிக்கு எத்தன வெரலுதான் இருக்கோணும்?"னு கேட்டாரு. கட்டை வெரலோட சேர்த்து நாலுன்னேன். அஞ்சு வெச்சா எலிக் கை வாழப்பழச் சீப்பு மாதிரி இருக்கும்னு டிஸ்னியே சொல்லிருக்காரு, அதுவும் போக ஆறரை நிமிசப் படத்துக்கு 45,000 படம் வரையோணும், கைக்கு ஒரு வெரலு குறைஞ்சா வேலையும் காசும் மிச்சம், வெள்ளக் கையுறையே 1929லதான் வந்துச்சு, கறுப்பு உடம்பு மேல கறுப்புக் கை வந்தா தெரியலன்னுன்னு நான் பாட்டுக்கு அடுக்கிக்கிட்டே போறேன்.

"ஒரு வெரல்ல அத்தன மிச்சமா"ன்னு சிரிச்சாரு. "எங்க மொதலாளிக்கும் அப்படித்தான். பிரஸ்ஸு மிசினுக்கு கை மாட்டாம தடுக்குற கார்டு போடாம மிச்சம் புடிச்சாரு."

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அப்பாவோட அந்தக் கையப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசறதில்ல. போட்டோ எடுக்குறப்ப எல்லாம் இடது கைய வேட்டி மடிப்புக்குள்ள வெச்சுக்குவாரு. என் கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலகூட அந்தக் கை கெடையாது.

எந்திரிச்சு வந்து, கேக்கு வெட்ற கத்தி நுனியால கைக்கு ஒண்ணா ரெண்டு ஐசிங் வெரல நெம்பி எடுத்தாரு. லேத்துல பிசிறு எடுக்குற மாதிரி, பக்கத்துல ஒரு கீறல் விழல. பாப்பா அவரு இடது கையப் புடிச்சு இழுத்து கேக்குகிட்ட வெச்சு, ரெண்டையும் மாத்தி மாத்தி எண்ணினா.

"இப்பத்தான் அப்பிச்சி கரெக்ட்டு."

எடுத்த வெரலு ஒண்ணு அவ வாய்ல, இன்னொண்ணு அவரு வாய்ல. போன வாரந்தான் சுகர் 280, அம்மா உள்ளருந்து கத்துன கத்துல பலூனே ஒண்ணு வெடிச்சுருச்சு.