மலாவி வந்து சேர்ந்தாச்சு

ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரத்துக்குப் பத்திரமாக வந்துவிட்டேன். ஜெபித்த எல்லாருக்கும் நன்றி. இங்கே நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் காலையில் போன் எடுக்கவில்லை என்றால் அம்மா கவலைப்பட வேண்டாம்.

அக்டோபர் என்பதால் நல்ல வெயில். சாலையோரம் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்திருக்கின்றன. சாப்பாடு ன்சீமா, மக்காச்சோள மாவில் கிண்டுவது, நம் களி மாதிரி. சாப்பிடும் முன் வீட்டுக்காரரே வந்து நம் கையில் தண்ணீர் ஊற்றுகிறார். அந்த மரியாதையில் நெகிழ்ந்துபோனேன்.

ஞாயிறு ஆராதனை புனித மிக்கேல் ஆலயத்தில். 1888இல் தொடங்கி 1891இல் முடித்த செங்கல் கட்டடம். கட்டிய ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் கிளெமென்ட் ஸ்காட் கட்டடக்கலை படித்தவர் இல்லை; அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் உள்ளூர் மக்கள். வளைவுகளைப் பார்க்கப் பார்க்க அவர்கள் நினைப்புதான். மிஷன் சரித்திரம் என்றால் அவர்களையும் சொல்ல வேண்டும், இல்லையா?

அப்புறம், மருத்துவமனை. நோயாளியோடு வந்த உறவினர்கள் வளாகத்திலேயே தங்கி, விறகு மூட்டிச் சமைத்துக் கொடுக்கிறார்கள். பாதிப் பராமரிப்பு அவர்கள் கையில்தான். எனக்கு திங்கள் முதல் இங்கே குழந்தைகள் வார்டில் வேலை. நவம்பரில் மழை தொடங்கினால் மலேரியா கூடும். அதற்குள் இங்குள்ள சிச்சேவா மொழி கொஞ்சமாவது பேச வர வேண்டும், அதற்காக ஜெபியுங்கள்.