அம்மாவின் கட்டிலும் கிழக்கு ஜன்னலும்

கோத்தகிரியில் வீடு என்று சொன்னாலே, உங்களுக்கென்ன, ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம், சுத்தமான காற்று என்கிறார்கள். திறந்தால் சரிதான். நாங்கள் திறப்பதே இல்லையே! மலையில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியை அடைத்து, பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுற்றிலும் அவ்வளவு பச்சை, உள்ளே ஒரு சொட்டு வெளிச்சம் கிடையாது.

போன ஐப்பசியில் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள், ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. எழுபத்திரண்டு வயதுவரை ஒரு நாள்கூடச் சும்மா உட்காராத மனுஷி, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். நாலே நாளில் பேச்சு குறைந்துபோனது, சாப்பாடும் குறைந்தது.

நான் முதலில் செய்தது செடி வாங்கியது. வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று எங்கோ படித்திருந்தேன், நர்சரிக்குப் போய் பதினான்கு தொட்டி வாங்கி வந்து அறை முழுக்க அடுக்கிவிட்டேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் துணியே காயாது, தொட்டி மண் எங்கே காயும்? பத்து நாளில் மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பின, அறையில் ஈரவாடை, அம்மாவுக்கு இருமல். அத்தனையையும் தூக்கித் திண்ணையில் வைத்தேன்.

அப்புறம்தான் நிதானமாகத் தேடிப் படித்தேன். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அது காற்றே புகாதபடி மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. அந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் 2019இல் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணமாக வீட்டுக்குள் வந்து போகிற காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, சிலவகை அசுத்தத்துக்கு ஆயிரம் செடிகூட வேண்டியிருக்கும் என்றார்கள்.

எனக்கு வழி காட்டியது வேறோர் ஆய்வு. ரோஜர் உல்ரிக் 1984இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டிருக்கிறார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்தபோது என் கண் நேராக அம்மாவின் அறைக் கிழக்குச் சுவருக்குத்தான் போனது. அங்கே ஒரு ஜன்னல் உண்டு. காற்று வருகிறது என்று அப்பா இருந்த காலத்திலேயே மர பீரோவை அதற்கு முன்னால் நிறுத்தியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாய்க் கறுப்புப் பூசணம். இருபது வருடமாக அம்மா அதற்குப் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டோம். ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தது, கத்தியால் கீறிக் கீறித்தான் பிரிக்க முடிந்தது. கட்டிலை அங்கே திருப்பிப் போட்டோம்.

இப்போது மஞ்சு, அதாவது மூடுபனி, விலகியதும் பத்து மணி வாக்கில் ஜன்னலைத் திறப்போம், மூன்று மணிக்குப் பனி மறுபடி மூடும் முன்னால் சாத்திவிடுவோம். மழை நாளில் அரை மணி நேரம், அவ்வளவுதான். வெளியே ஒரு சில்வர் ஓக் மரம், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. மூன்றாம் நாள் நான் டீ கொண்டுபோனபோது அம்மா, "சத்தம் போடாதே, கொண்டைக்குருவி வந்திருக்கு" என்றார். அவராகப் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். மருந்தும் நாளும்தான் எலும்பைக் கூட்டின, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த முகம் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பதினான்கு தொட்டியில் ஒன்றே ஒன்று உள்ளே திரும்பி வந்தது. ரோஜா வாசனை வருகிற ஜெரேனியம், எண்ணெய்க்காக இங்கேயும் கொடைக்கானல் பக்கமும் பயிர் செய்வார்களே, அது. நாலு விரல் நீளத்துக்குக் கிளையை ஒடித்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும், விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அம்மா காலையில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அழகாக இருக்கிறது என்று சோலைக்காட்டிலிருந்து பெரணியையும் ஆர்க்கிட்டையும் பிடுங்கி வருகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அவை அங்கே இருக்க வேண்டியவை.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். மார்கழிக் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கச் சொல்லி எங்களுக்கும் யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் அப்படி இறந்துபோயிருக்கிறார்கள். புகைபோக்கி உள்ள கணப்பு வேறு, தரையில் வைக்கிற கரி வேறு. நாங்கள் வெந்நீர்ப் பையும் இரண்டு கம்பளியும் வைத்தே ஓட்டினோம்.

அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார், கட்டில் மட்டும் ஜன்னலோரம்தான் இருக்க வேண்டுமாம். அடுத்தது சமையலறை. அங்கே ஜன்னலுக்கே இடமில்லை, கூரையில் நாலு கண்ணாடி ஓடு போடலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். மழை விட்டதும் வந்து பார்க்கிறேன் என்றார்.