எல்சாட் நாட்குறிப்பு: தவறான விடைகளை எழுதிப் பார்த்தல்

ஜூலை 7

எல்சாட் (LSAT), அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் தேர்வு. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும் பகுதிகள், சிறு வாதங்களை அலசும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, வாசிப்புப் புரிதல் ஒன்று. வாசிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் 35 நிமிடத்தில் நான்கு தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் வாசிக்க ஒரு பகுதியும் (பேசேஜ்) அதன் மேல் கேள்விகளும், ஒன்றுக்கு ஒன்பது நிமிடம்கூட இல்லை. சட்டம், அறிவியல், சமூகவியல், கலை என்று எதிலிருந்தும் பேசேஜ் வரலாம். முன்னறிவு எதுவும் தேவையில்லை. சில இடங்களில் அந்த முன்னறிவே ஆளைக் கவிழ்க்கும்.

ஜூலை 10

இன்று கேள்விகளுக்கு விடை தேடவில்லை. நானே ஒரு பேசேஜ் எழுதி, கேள்வியும் அமைத்தேன். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னதுதான் பொருள். ஆப்பிரிக்கக் கரையும் தென் அமெரிக்கக் கரையும் பொருந்துவதையும், இரு பக்கமும் ஒரே வகைத் தொல்லுயிர் எச்சங்கள் கிடைப்பதையும் அவர் காட்டினார். கண்டங்களை நகர்த்துவது எது என்பதற்கு மட்டும் அவரிடம் ஏற்கத்தக்க விளக்கம் இல்லை. புவியியலாளர் பலர் மறுத்தார்கள். 1960-களில் கடல்தளம் விரிவதற்குச் சான்று கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அன்றைய மறுப்புக்கு அன்று காரணம் இருந்தது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

கேள்வி: மறுத்தவர்களை ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார்? கையிலிருந்த சான்றுக்கு அவர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு என்பது சரியான விடை.

தவறான ஆப்ஷன்களை எழுதும்போதுதான் தேர்வின் சூட்சுமம் பிடிபடுகிறது. 'புதிய கருத்தை ஏற்கும் மனம் அவர்களுக்கு இல்லை.' வெகனர் கதையை ஏற்கெனவே கேட்டவர் இதைத்தான் தொடுவார், பேசேஜிலோ அப்படி ஒரு வரியும் இல்லை. 'வெகனரின் சான்றுகளை அவர்கள் ஆராயவே இல்லை.' பேசேஜ் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'நிகழ்வுக்கான காரணத்தை விளக்காத எந்தக் கோட்பாட்டையும் அறிவியலாளர் மறுக்க வேண்டும்.' இதுதான் ஆபத்தானது. ஆசிரியர் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொண்டு, ஒரு காலத்து ஒரு மறுப்பை எல்லாக் காலத்துக்குமான விதியாக்கிவிடுகிறது. நல்ல வாசகர்களும் தடுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 13

இரட்டைப் பேசேஜ், அதாவது ஒரே பொருள் பற்றிய இரண்டு பேசேஜ்களை ஒப்பிடும் தொகுப்பு. 2007 ஜூனிலிருந்து தேர்வில் இருக்கிறது. சட்டத்திலுள்ள சொல்லுக்கு நீதிபதி அகராதி பார்ப்பது சரியா என்பதை எடுத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் எழுதினேன். அகராதி நீதிபதியின் சொந்த விருப்பத்துக்குக் கடிவாளம் போடும் என்கிறார் முதலாமவர். எந்த அகராதி, அதில் எந்தப் பொருள் என்று தேர்ந்தெடுப்பதிலேயே விருப்பம் நுழைந்துவிடுகிறது, சட்டம் இயற்றியபோது நடந்த விவாதங்களைப் பார்ப்பதே மேல் என்கிறார் இரண்டாமவர்.

இருவரும் எதில் முரண்படுகிறார்கள்? விவாதக் குறிப்புகளின் மதிப்பில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதலாமவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவர் மௌனமாக இருக்கும் விஷயத்தில் முரண்பாடு இருக்க முடியாது. அகராதி விருப்பத்தைக் கட்டுப்படுத்துமா என்பது ஒன்றில்தான் இரு குரலும் மோதுகின்றன. இந்த வகைக் கேள்விக்கு இரண்டு பேசேஜிலும் ஆளுக்கொரு வரியில் விரல் வைக்க முடிந்தால்தான் விடையைத் தொட வேண்டும்.

ஜூலை 14

'தவிர' கேள்விகள், அதாவது பேசேஜில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்பவை, கடினமல்ல, நேரத்தைத் தின்பவை. ஐந்து ஆப்ஷன்களில் நான்கு பேசேஜில் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். தொகுப்பின் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எனவே எதையும் வெறுமையாக விடக்கூடாது.

ஜூலை 18

வெகனர் பேசேஜுக்கே திரும்பி, 'தொல்லுயிர் எச்சங்களை ஆசிரியர் குறிப்பிடுவது எதற்காக?' என்று ஒரு கேள்வி சேர்த்தேன். 'இரு கண்டங்களிலும் ஒரே வகை எச்சங்கள் கிடைத்தன' என்பதைத் தவறான ஆப்ஷனாக வைத்தேன். அதில் பொய் ஒன்றுமில்லை, வரிக்கு வரி பேசேஜில் இருப்பதுதான். ஆனால் கேட்டது அந்தச் செய்தி அங்கே செய்யும் வேலையை. வெகனர் வெறுங்கையோடு வரவில்லை என்று காட்டத்தான் அது அங்கே இருக்கிறது. உண்மையான வாக்கியம், கேட்காத கேள்விக்கு விடை. இப்படிப்பட்ட ஆப்ஷன்களை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. அடுத்து கலை பற்றிய ஒரு பேசேஜுக்கு இதே வகையில் ஒரு தவறான ஆப்ஷன் எழுத வேண்டும்.