மொட்டு விரிவதற்குள்

18.1.2025, சனி

கதை முடிவாகிவிட்டது. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பூக் கட்டும் ஒரு பெண்ணின் காலைப்பொழுது; பத்து நிமிடக் குறும்படம். இயக்குநர் பொறுப்புக்குப் போட்டி பலமாக இருந்தது. ஒலிப்பதிவு என்றதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். ஹெட்போனும், காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் நோட்டும் என் தலையில் விழுந்தன.

செலவுக் கணக்கில்தான் முதல் சண்டை. தை பிறந்துவிட்டது, முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கின்றன, பனியில் செடிகளிலும் மொட்டு குறைவு. மல்லி விலையை விசாரித்து வந்த தோழி கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டாள். மல்லியைப் போலவே இருக்கும் காக்கட்டான் பூவை வைத்துச் சமாளிக்கலாம் என்றான் ஒளிப்பதிவாளன். மதுரை மல்லியோ 2013-இல் புவிசார் குறியீடே வாங்கிய பூ; படத்தைப் பார்க்கப்போவதும் மதுரைக்காரர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பாட்டியை இந்த ஊரில் காட்டட்டும், பார்க்கலாம். சாப்பாட்டுச் செலவைக் குறைத்து மல்லியே வாங்குவதென்று முடிவானது.

25.1.2025, சனி

நாயகியாக நடிக்கும் மாணவிக்குப் பூக் கட்ட வரவில்லை. முகம் அவளுடையது, விரல்கள் சந்தையில் கடை போட்டிருக்கும் அக்காவுடையவை என்று பிரித்துக்கொண்டோம். அக்காவின் பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவளுக்கும், பிறகு திருப்பி அக்காவுக்கும் மாட்டுவது என் வேலை.

விரல்களின் நெருக்கக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். அதற்குள் கடை டியூப் லைட் திரையில் பட்டை பட்டையாக ஓடத் தொடங்கியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகமோ அதோடு ஒத்துப்போகாத 1/60 நொடியில் இருந்தது. 1/50-க்கு மாற்றியதும் பட்டைகள் போய்விட்டன, ஆனால் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மதியமும் போய்விட்டது.

மாலையில் கூடையைத் திறந்தால் மொட்டுகள் வாய் திறந்திருந்தன. கதையிலோ அது காலை. அக்கா சிரித்தார்: "கட்டும்போது மொட்டாக இருக்க வேண்டும் தம்பி, தலையில் வைத்த பிறகுதான் விரிய வேண்டும். நீங்கள் பேசியே விரியவைத்துவிட்டீர்கள்."

26.1.2025, ஞாயிறு

காட்சி எண் வரிசையைக் கிழித்துப் போட்டோம். பூ எப்படி மாறுகிறதோ அதுவே இன்றைய வரிசை. வெளியூருக்கு மல்லி அனுப்பும் வியாபாரி ஒருவரிடம் அக்கா சொல்லி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்றும் வாங்கித் தந்தார்.

விடிந்ததும் விரல்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்புகளைச் சுற்றி வாழைநாரில் ஒரு சுருக்கு. அடுத்த மொட்டுகள் அதற்குள் கைக்கு வந்துவிடுகின்றன. ஃபோகஸ் பிடிப்பவன் திணறினான். மெதுவாகக் கட்டச் சொன்னால் அக்காவுக்கு முடிச்சே தவறுகிறது. லென்ஸை மாற்றிக் கொஞ்சம் தள்ளி நின்று, அவர் வேகத்திலேயே எடுத்தோம்.

1.2.2025, சனி

தாய், மகள் உரையாடலைச் சந்தையில் எடுக்கவே முடியாது. ஏலக் கூச்சலைக்கூடப் பொறுக்கலாம், பக்கத்துக் கடை ஸ்பீக்கர் பாட்டை ஒவ்வொரு வெட்டிலும் எப்படி ஒட்டுவது? அக்காவின் வீட்டுக்கு மாற்றினோம். மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். அதைத் திரும்பப் போட மறந்துபோய்க் கிளம்பிவிடாமலிருக்க என் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். வசனம் முடிந்ததும் எல்லாரையும் வாய்மூடி நிற்கவைத்து பேச்சில்லாத வீட்டின் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

9.2.2025, ஞாயிறு

முதல் தொகுப்பு பதினேழு நிமிடம். தொகுப்பாளர் படப்பிடிப்புப் பக்கமே வராதவள். எந்த ஷாட்டுக்கு யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது அவளுக்குத் தெரியாது, அதனால் இரக்கமே இல்லை. இயக்குநர் உயிராக நினைத்த பனிமூட்டக் காட்சி போயிற்று. நியாயம்தான், அதில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. அவன் இரண்டு மணி நேரம் யாருடனும் பேசவில்லை. வசனங்களுக்கு இடையே விழுந்த ஓட்டைகளை அடைத்தது நான் பதிவு செய்த அந்த ஒரு நிமிடம். வசவைத் திரும்பப் பெற இதுவரை யாரும் முன்வரவில்லை.

பெயர்ப் பட்டியலில் அக்காவை எங்கே போடுவது என்று இன்னும் இழுபறி. நடிகர்கள் வரிசையில்தான் என்கிறேன் நான்; நன்றி வரிசை போதும் என்கிறார்கள் மற்றவர்கள். அக்காவைக் கேட்டால், பெயரெல்லாம் எதற்கு, கடை எண்ணைப் போடுங்கள், நாலு பேர் பூ வாங்க வருவார்கள் என்கிறார்.