நீல நோட்டு, 31 பேரு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஞாயித்துக்கிழமைங்கள விட்டுட்டு எண்ணினாத்தான் ஈஸ்டருக்கு 40 நாள் வருமாம், சர்ச் ஐயர் சொன்னாரு. நான் எல்லா நாளும் எழுதப் போறது இல்ல, முடிஞ்ச அன்னிக்கி எழுதறேன். பெட்டிக்கு அடியில இருந்து நீல நோட்டை எடுத்தேன். என்கிட்ட தீபாவளி ஃபண்டு கட்டினவங்க 31 பேரு, 32 கார்டு. துட்டு திருப்பிக் குடுத்த 4 பேருக்கு டிக். திருப்பி வெச்சிட்டேன்.

மார்ச் 7

லாட்ஜ்ல 204ம் ரூமுக்கு மேற்கு வங்காளத்து மால்டாவுல இருந்து வந்திருக்காங்க, பெரியவரும் அவரு சம்சாரமும். ரெண்டு நாள் ரயில்ல வந்து காட்பாடில எறங்கினதும் அந்தம்மா கேட்டது கடுகெண்ணெய் எங்க கெடைக்கும்னு. வேலூர் காந்தி ரோட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் கெடைக்கும், பாதி போர்டு பெங்காலிலதான கீது. என்னை மாஷின்னு கூப்புடுறாங்க, நம்ம சித்தி மாதிரின்னு அர்த்தம். நல்லாத்தான் கீது கேக்க.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கமில்ல.

மார்ச் 11

இன்னிக்கி அந்த மால்டா அம்மா ஒரு கைக்குட்டை முடிச்ச என் கையில வெச்சி, மாஷி நீ வெச்சிக்கோ, ஆஸ்பத்திரி க்யூல பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பிரிச்சிப் பாத்தா 62,000. எனக்கு கை கால் எல்லாம் ஆடிப்போச்சி. என்கிட்ட யாரும் 7 வருஷமா துட்டு குடுத்து வெச்சதில்ல, குடுக்கறதுக்கு அவங்க என்ன பைத்தியமா. ஓடிப்போயி க்யூல நின்னுட்டு இருந்தவங்கள இட்டாந்து, எதுத்தாப்புல உக்கார வெச்சி எண்ணி, பேப்பர்ல எழுதி ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி, மேனேஜர் லாக்கர்ல வெச்சி, பேப்பர அவங்க பைல போட்டேன். அவங்க சிரிக்கறாங்க. எதுக்கு மாஷி இவ்ளோன்னு. சொன்னா புரியுமா.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச் பெண்கள் ஐக்கியத்துல திரும்பவும் சாட்சி சொல்லணுமாம், ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயிறு. போன வருஷம் சொன்னது எல்லாருக்கும் ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சாம். இருக்காதா பின்ன. அத நான் சொல்ற அழகே தனி. தீபாவளி ஃபண்டு புடிச்சேன், மேல இருந்தவன நம்பினேன், அவன் ஓடிட்டான், நான் மாட்டினேன், தொரப்பாடி ஜெயில்ல 47 நாள், அங்க ஞாயித்துக்கிழமை வந்து பாடினவங்கள நக்கல் பண்ணேன், அப்புறம் ஒருநாள் ராத்திரி அழுதேன். எந்த எடத்துல நிறுத்தினா அல்லேலூயா வரும்னு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி.

38,000 மட்டும் அதுல வராது.

மார்ச் 19

பாப்பா போன் பண்ணா. ஏம்மா இன்னும் லாட்ஜ்ல பாத்ரூம் கழுவிட்டு கீற, நான் சம்பாரிக்கறேன்ல, சென்னைக்கு வந்துடுன்னு. மாசம் 8,000 அனுப்பறேன்றா. வேணாம்னேன். ஏன் வேணாம்னு கேட்டா. சார்ஜ் போயிடுச்சின்னு வெச்சிட்டேன். சார்ஜ் 70 இருந்திச்சி.

மார்ச் 23, ஞாயிறு

குடியாத்தம் போய் வந்தேன். 7 வருஷத்துல நாலாவது தடவ. பஸ் ஸ்டாண்ட்ல எறங்கசொல்லவே முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டேன், அந்த வெயில்ல.

பாயம்மாவுக்கு ரெண்டு கார்டு, மாசம் 500, 12 மாசம், ஆக 12,000. பீடி சுத்தின காசு. ரெண்டாவது கார்டு மருமவளுக்கு வளைகாப்புக்குன்னு சொல்லித்தான் சேந்திச்சி. கையில 5,000 எடுத்துட்டுப் போனேன். நோன்பு தொறக்க அரைமணி நேரம் இருக்கசொல்ல போய் நின்னேன். கதவத் தொறந்து பாத்திச்சி. உள்ள வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் மனசுக்குள்ள என்னென்னமோ பேசி வெச்சிருந்தேன், மன்னிப்பு, கிருபை, எல்லாம். வாய தொறந்தா ஒண்ணும் வரல. காச நீட்டினேன். வாங்கி எண்ணிச்சி. திரும்ப எண்ணிச்சி.

"மீதி எப்போ?"

மாசாமாசம் ஆயிரம் தர்றேன் பாயம்மான்னேன். உம்னு சொல்லிட்டு உள்ள போச்சி. அவ்ளோதான்னு திரும்பினேன், பின்னாலயே பேரப்பையன் ஒரு தூக்கு நெறைய நோன்புக் கஞ்சி எடுத்துட்டு ஓடியாந்தான், ஆயா குடுக்க சொல்லிச்சின்னு.

கஞ்சிய பஸ்லயே குடிச்சிட்டேன். இப்ப மணி 11. அது இன்னா கஞ்சி? அந்த மாசத்துல வாசப்படில வந்து நிக்கற யாருக்கும் குடுக்கறதா, இல்ல எனக்குன்னு குடுத்ததா? கேக்க முடியுமா இதப் போயி. தூக்கு இங்கதான் கீது, கழுவி வெச்சிருக்கேன். அத திருப்பிக் குடுக்கணும். அதுவும் கடன்தான்.

மார்ச் 24

நோட்டுல பாயம்மா பேருக்கு நேரா டிக் போடல. ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

மார்ச் 31

ரம்ஜான். பாயம்மா ஊட்ல பிரியாணி வெந்திருக்கும்.

ஏப்ரல் 6

பெரியவருக்கு ஆபரேஷன் முடிஞ்சிது. அந்தம்மா அழறப்ப என் மேலயே சாஞ்சிட்டாங்க. இந்த சிஎம்சி ஆஸ்பத்திரி எப்ப கட்டினதுன்னு கேட்டாங்க, 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தில சொன்னேன். ஒரு கட்டிலான்னு வாயப் பொளந்தாங்க. ஐடா அம்மா மொதல்ல இந்த ஊருல இருக்கவே இஷ்டப்படலயாம், அமெரிக்காவுக்கே போயிடணும்னு இருந்தாங்களாம். அத சொல்ல எனக்கு இந்தி பத்தல.

ஏப்ரல் 13

குருத்தோலை. இன்னிக்கி கார்டு கனவு. எல்லா கார்டும் பச்ச ஓலைல.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

12ல இருந்து 3 வரைக்கும் இயேசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தை ஆராதனை. முட்டி வலி தாங்கல. ரெண்டாவது வார்த்தை எனக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும் எப்பவும், பக்கத்து சிலுவைல இருந்த கள்ளன்கிட்ட, இன்னிக்கே நீ என்கூட பரதீசுல இருப்பன்னு சொன்னது. பேசினவரு சொன்னாரு, அவன் ஒரு நல்ல காரியமும் பண்ணல, காணிக்கை போடல, கேட்டான், கெடச்சிதுன்னு. எல்லாரும் ஆமென். நானும் ஆமென். ஆனா எனக்கு ஒண்ணு தோணிச்சி, அவன் கை ரெண்டும் மரத்துல இருந்திச்சி, எறங்கிப்போயி யாரு வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. என் கை ப்ரீயாத்தான கீது.

அதே லூக்காவுலதான் நாலு அதிகாரம் முன்னாடி சகேயு, வரி வசூல்காரன். ஏமாத்தி வாங்கினத நாலு மடங்கா தர்றேன்னான். 38,000 நாலு மடங்குன்னா 1,52,000. மொத்த ஃபண்டுக்கும்னா 7,68,000. ஆராதனை நடக்கசொல்ல கணக்கு போட்டுட்டு இருந்தேன், பழைய புத்தி. ஒரு மடங்குக்கே வழியில்ல. ஆனா வீட்டுக்கு வந்து திரும்பப் படிச்சேன். அவன் துட்டு பேச்ச எடுக்கறதுக்கு முன்னாடியே, இயேசுவ பாக்க மரத்துல ஏறி இருக்கசொல்லவே, இன்னிக்கி உன் வீட்டுலதான் தங்குவேன்னு இயேசு சொல்லிட்டாரு. மொதல்ல அது. அப்புறம்தான் இவன் கணக்கு.

இத எத்தினி வாட்டி படிச்சிருப்பேன்.

ஏப்ரல் 20

உயிர்த்தெழுந்த ஞாயிறு. பாப்பா வந்தா, கேக் வாங்கியாந்தா. அவ ஐடி கார்டு கழுத்துலயே தொங்கிட்டு இருந்திச்சி, ஸ்டாஃப் நர்ஸ்னு. 2018 ஜூலைல கட்டின ஃபீஸ். சொல்ல வாய் வரல. நைட் பஸ் ஏத்தி விட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிட்டேன். மேல இருந்தவன் செப்டம்பர்லதான் ஓடினான், நான் ஜூலைலயே 38,000 எடுத்துட்டேன், அவன் ஓடலைன்னாலும் நான் மாட்டியிருப்பேன்னு. அல்லேலூயா வர்ற எடத்துல யாரும் ஒண்ணும் சொல்லல. ஃபேன் சத்தம் கேட்டிச்சி. முடிச்சிட்டு உக்காந்தேன், பக்கத்துல இருந்தவங்க ஹேண்ட்பேக்க அந்தப் பக்கம் மாத்தி வெச்சாங்க. வேணும்னு செஞ்ச மாதிரி இல்ல, கை தானா போச்சி. நானும் அப்பிடித்தான் செய்வேன். ஐயரம்மா மட்டும் வாசல்ல கைய புடிச்சி, சாப்ட்டுப் போங்கன்னாங்க. சாப்பிட்டேன். நல்ல பசி.

மே 4

கத்திரி தொடங்கிடுச்சி. மொட்ட மாடில தண்ணி கொதிக்குது.

மே 9

204 காலி. கெளம்பசொல்ல லாக்கர்ல மிச்சம் இருந்தத எடுத்தாந்து அந்தம்மா கையில குடுத்தேன். எண்ணிப் பாருங்கன்னேன். எண்ணல. அப்பிடியே இடுப்புல சொருகிட்டாங்க. எண்ணுங்கன்னு கத்திட்டேன், பெரியவர் பயந்துட்டாரு. கடைசிவரைக்கும் எண்ணல.

மே 14

நாளைக்கு வைகாசி 1, குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஊரே ரோட்ல நிக்கும். 31 பேருல பாதிப் பேரையாவது ஒரே எடத்துல பாக்கலாம், அவங்களும் என்னைப் பாப்பாங்க. அதான் பயம். பாயம்மா ஊடு அந்தக் கூட்டத்த தாண்டித்தான். கையில 3,000, அதுல ஆயிரம் பாயம்மாவுக்கு, மீதி மூலை வீட்டு அக்காவுக்கு. தூக்கையும் எடுத்து வெச்சாச்சி. வெறும் தூக்கா குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும், கொஞ்சம் சக்கர போட்டிருக்கேன்.

பாப்பாவுக்கு மெசேஜ் டைப் பண்ணி அழிச்சி டைப் பண்ணி அழிச்சி, கடைசில "நாளைக்கு ராத்திரி போன் பண்ணு, ஒரு விஷயம் சொல்லணும்"னு அனுப்பிட்டேன். ரெண்டு டிக் வந்துடுச்சி. இன்னும் நீலமாவல.

மே 15

மணி 4.40. மொத பஸ்ஸுக்குப் போறேன். 204 சாவி மேனேஜர் மேஜை மேல.