ஏழு பாரை எட்டாக்கிய கதை: டிரினிட்டி ராக் அண்ட் பாப், பாஸ், கிரேடு 6

டிரினிட்டி நடத்தும் ராக் அண்ட் பாப் இசைத் தேர்வில் பாஸ் கிட்டாருக்கான கிரேடு 6 எழுதினேன். முடிவு நேற்று வந்தது. 84. டிஸ்டிங்ஷன் என்ற மேல்தரத்துக்கு 87 வேண்டும். அதற்கு ஒரு படி கீழே, மெரிட் என்று எல்லாரும் கைகொடுக்கிறார்கள், எனக்கு அந்த மூன்று மதிப்பெண் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

முதல் பாட்டு 25-க்கு 22, இரண்டாவது 25-க்கு 19, டெக்னிகல் ஃபோகஸ் பாட்டு (வாசிக்கும் நுட்பத்தைச் சோதிப்பது) 30-க்கு 26, செஷன் ஸ்கில்ஸ் (முன்தயாரிப்பில்லாமல் டிராக்கோடு அங்கேயே வாசிப்பது) 20-க்கு 17. எதில் சறுக்கினேன் என்று பார்த்தாலே தெரியும். அந்த இரண்டாவது பாட்டு எங்கள் பேண்டின் சொந்தப் பாட்டு. பாதி நான் போட்டது. மேடையில் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கே இல்லை. புத்தகப் பாட்டில் 22 வாங்கினவன் சொந்தப் பாட்டில் 19.

நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் வேறு வேலை உண்டு. வாரத்தில் ஒரு நாள் கூடி வாசிக்கும் ஜாம், அதிலும் முதல் அரை மணி கேபிள் தேடுவதில் போய்விடும். கிட்டார்காரன் போனில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) அனுப்புவான். அதை டிரம்மர் வேறு தாளத்தில் உடைப்பான். பாடுகிறவள் வாயில் வந்ததைப் போட்டு முனகுவாள், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த முனகலே பாட்டு வரியாகியிருக்கும். எங்கள் பாட்டுகள் இப்படித்தான் வளரும். ஒன்றைக்கூட யாரும் காகிதத்தில் எழுதியதில்லை.

சொந்தப் பாட்டை வாசிக்கப்போகிறோம் என்றால் தேர்வாளரிடம் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் முதல்முறையாக எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது சரணம் இடித்தது. எத்தனை தரம் எண்ணினாலும் ஏழு பார்தான் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வந்தது. டிரம்மர் எட்டு என்று சத்தியம் செய்தான். கிட்டார்காரனைக் கேட்டால், "நான் எங்கே எண்ணினேன்? அவள் மூச்சு இழுத்தால் மாறிவிடுவேன்" என்கிறான். பழைய பதிவுகளைத் தோண்டினோம். ஆரம்ப காலத்து ஒரு ஷோவில் அவள் கோரஸை (பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி) ஒரு பார் முன்னாடி எடுத்திருக்கிறாள், மூன்று பேரும் பின்னாலேயே ஓடியிருக்கிறோம். அன்றிலிருந்து அது ஏழுதான்.

அதை ஏழு என்றே எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. தேர்வாளர் பார்த்தால் எண்ணத் தெரியாதவன் என்று நினைப்பாரே என்ற பயம். பாட்டை எட்டாக்கினேன், சார்ட்டையும், அதாவது தேர்வாளருக்கான அந்தப் பிரதியையும், எட்டாகவே எழுதினேன்.

அப்புறம் பேக்கிங் டிராக், அதாவது தேர்வில் நான் கூட வாசிக்க வேண்டிய, பாஸ் இல்லாத பதிவு. பாஸை மட்டும் ம்யூட் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஒரே அறையில் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பதிந்ததால் டிரம் மைக்கிலெல்லாம் என் பாஸ் கசிந்து கிடந்தது. ம்யூட் செய்தும் ஆவி மாதிரி பின்னால் கேட்டது. புதிதாகத்தான் பதிய வேண்டியிருந்தது, அதுவும் கிளிக் (சீராகத் தட்டும் தாள ஒலி) போட்டு. நாங்கள் நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் தொடங்கினால் கடைசிக் கோரஸில் 104 தொட்டுவிடுகிறோம் என்ற உண்மை அன்றுதான் தெரிந்தது. டிரம்மர் இரண்டு நாள் பேசவில்லை.

தேர்வன்று முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவதில் ஏழாவது பார் முடிந்ததும் கை தானாகக் கோரஸுக்குப் போய்விட்டது. டிராக் இன்னும் சரணத்தில் நிற்கிறது. பேண்டோடு இருந்தால் மூன்று பேரும் என் பின்னால் வந்திருப்பார்கள், கேட்பவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. டிராக் யார் பின்னாலும் வராது. இரண்டு பார் தடுமாறி, திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதெல்லாம் மேடையில் பின்வரிசையில் நிற்கப் பிடித்த ஒருவனின் யோசனை. முன்னால் நின்று ஆடுகிறவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

- சொந்தப் பாட்டு என்றால் சார்ட்தான் முதல் வேலை. நீங்கள் வாசிக்கிறபடியே எழுதுங்கள். ஐந்து பார் என்றால் ஐந்து. கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். தேர்வுக்காகப் பாட்டை நிமிர்த்தாதீர்கள். மூன்று முறை சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.
- தனியாக வாசிக்கும்போது சரியாக வருகிறதா என்று பார்ப்பது வீண். டிராக்கோடு வாசித்துப் பதிந்து கேளுங்கள்.
- பாஸ்காரர்கள் போன் ஸ்பீக்கரில் கேட்டு ஏமாற வேண்டாம். கீழ் ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தராது, மேலே உள்ள அதிர்வுகள்தான் கேட்கும். ஹெட்போன் போடுங்கள். தேவையில்லாத தந்தி எவ்வளவு முணுமுணுக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.
- டெக்னிகல் ஃபோகஸ் பாட்டுக்கு 30 மதிப்பெண், மற்ற இரண்டுக்கும் 25. நாளைப் பிரிக்கும்போது அதை நினைவில் வையுங்கள். நான் வைத்தேன், 26 வந்தது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

செஷன் ஸ்கில்ஸில் ப்ளேபேக்கா (கேட்பதையும் சார்ட்டில் இருப்பதையும் வாசிப்பது), இம்ப்ரோவைசிங்கா (அங்கேயே சொந்தமாகப் புனைந்து வாசிப்பது) என்று ரொம்ப நாள் குழம்பினேன். வாராவாரம் ஜாம் செய்கிறவர்கள் யோசிக்காமல் இம்ப்ரோவைசிங் எடுக்கலாம். சார்ட்டைப் பார்க்க அரை நிமிடம் தருவார்கள். டிராக் இரண்டு முறை ஓடும், முதல்முறை பழகிக்கொள்ள, மதிப்பெண் இரண்டாவதுக்குத்தான். அந்த முதல் சுற்றில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வாசியுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நான் முதல் சுற்றில் ரூட் நோட்டுகளை (ஒவ்வொரு கார்டின் அடிப்படை ஸ்வரம்) மட்டும் வாசித்து, டிரம்மின் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுகிறது என்று பிடித்துக்கொண்டேன். ஜாமில் வழக்கமாகச் செய்கிற வேலைதான்.

டிரம்மர் இப்போது கிரேடு 5 எழுதப்போகிறேன் என்கிறான், அதே பாட்டோடு. எட்டு பார் சார்ட்டைக் கேட்டான். கொடுக்கவில்லை. ஏழு பாரில் புதிதாக ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறேன், இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.