வங்கக்கடலில் மில்லிமீட்டர் தேடுவது

1993 முதலான உலக சராசரியில் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. இதைச் சொல்வது எளிது. வங்கக்கடலுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால்தான் பாடு தொடங்கும். சென்னைக் கரையில் கடல்மட்டம் பருவத்துக்கேற்பப் பத்துக்கணக்கான சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டத்துக்குள் இந்த மில்லிமீட்டரைத் தேட வேண்டும்.

என் வேலை இந்தக் கடல்மட்டக் கணக்கை நேர் செய்வது. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ் முதல் ஜேசன், சென்டினல்-6 வரை ரேடார் செயற்கைக்கோள்கள் மொத்த உயரத்தைத் தருகின்றன. ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டர் ஆழம் வரை வெப்பமும் உப்பும் அளந்து, நீர் எவ்வளவு விரிந்தது என்று காட்டுகின்றன. கூடிய நீரின் நிறையை கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோளும் அதன் வாரிசும் ஈர்ப்புவிசையிலிருந்து கணிக்கின்றன. பின்னவை இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். ஏட்டில் அப்படித்தான்.

கரையை நெருங்கினால் நிலம் ரேடார் பார்வையில் கலந்து தரவு கெடுகிறது. ஆட்கள் இருப்பதோ கரையில். சரி, துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் அலைமானியைப் பார்ப்போம் என்றால், அது நிலத்தோடு கட்டுண்டது. கொல்கத்தா அருகே டயமண்ட் ஹார்பரில் நிலமும் அமிழ்வதால் கடல் வேகமாக ஏறுவதுபோல் தெரியும். இன்னொன்று, காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் எழும். செயற்கைக்கோள் தரவில் இதைக் கழித்தே தருகிறார்கள், அலைமானியில் நாம்தான் கழிக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள், "புயல் நாட்களைத் தூக்கிடலாமா சார்?" என்று கேட்பார்கள். தூக்கக் கூடாது, திருத்த வேண்டும்.

எனக்கு அதிகம் தலைவலி தருவது உப்பு. பல கடல்களில் வெப்பத்தை வைத்தே பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் வங்கக்கடலில் அது நடக்காது. நன்னீர் கலந்தால் அடர்த்தி குறைந்து மட்டம் உயரும். அப்புறம், 2016க்குப் பின் உலகக் கணக்கே நேராகவில்லை. தேடியபோது, பல மிதவைகளின் உணரிகள் இருப்பதைவிட அதிக உப்பைக் காட்டுவது தெரிந்தது. உப்பு கூடினால் நீர் கனமாகும், மட்டம் தாழ்ந்ததாகக் கணக்கு சொல்லும். ஜேசன்-3இல், ரேடார் அலையைத் தாமதப்படுத்தும் நீராவியை அளக்கும் கருவியும் கொஞ்சம் நழுவியிருந்தது. கணக்கு நேராகாததற்கு கிரேஸ்தான் காரணமோ என்று விழுந்த சந்தேகம் பாதி வீண்.

அதனால் வங்கக்கடலுக்கு, நிபுணர்கள் பின்னால் சரிபார்த்து வெளியிடும் ஆர்கோ தரவை மட்டுமே எடுக்கிறேன். அதற்கு ஓராண்டு கூட ஆகும். அறிக்கையை அடுத்த வாரமே கேட்பவர்களிடம் இதைச் சொன்னால், "உலக சராசரியையே போட்டுடுங்களேன்" என்கிறார்கள்.